நிரலில் ஒட்டிய பஞ்சு: கூட்டு வேலையில் லின்டரும் ஃபார்மேட்டரும்

2014 பிப்ரவரி 21 அன்று ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு ஆப்பிளிடமிருந்து ஓர் அவசர அப்டேட் வந்தது. ஐஓஎஸ் 7.0.6. வங்கித் தளத்தையோ மின்னஞ்சலையோ திறக்கும்போது, மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே அவர்கள்தானா என்று போன் சரிபார்க்க வேண்டும் அல்லவா? அந்தச் சரிபார்ப்பில் டிஜிட்டல் கையொப்பத்தைப் பார்க்கும் படி மட்டும் நடக்காமலே போய்க்கொண்டிருந்தது. பொது இடத்து வைஃபையில் நடுவே புகுந்த ஒருவர் வங்கியைப் போல நடித்தாலும் போன் நம்பிவிடக்கூடிய நிலை. மேக் கணினிகளிலும் அதே ஓட்டை இருந்தது. அதற்கான திருத்தம் சில நாள் கழித்து வந்தது.

காரணம் ஒரே ஒரு வரி. சி மொழியில் எழுதிய ஒரு ஃபங்ஷனில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தடவை இருந்தது. முதலாவது ஓர் 'இஃப்' நிபந்தனைக்கு உட்பட்டது. பிழை வந்தால் ஃபங்ஷனின் கடைசிப் பகுதிக்குத் தாவு என்கிறது. இரண்டாவது எந்த நிபந்தனைக்கும் உட்படாதது. பிரேஸ் எனப்படும் நெளி அடைப்புக்குறி போடாவிட்டால், சி மொழியில் இஃப்-க்கு அடுத்து வரும் ஒரு கூற்று மட்டுமே அதற்குச் சொந்தம். ஆகவே பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டாவது வரி தாவிவிடும். அதற்குக் கீழே இருந்த சோதனைகள் ஒருநாளும் ஓடவில்லை. தாவும் நேரத்தில் பிழை எண் சுழியமாக இருந்ததால், 'எல்லாம் சரி' என்ற பதிலோடு ஃபங்ஷன் முடிந்தது.

இது எப்படிக் கண்ணில் படாமல் போனது? அந்த இரண்டாவது வரியும் முதல் வரிக்கு நேர் கீழே, அதே அளவு உள்ளே தள்ளி (இன்டென்ட் செய்து) எழுதப்பட்டிருந்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் சி கம்பைலர் இடைவெளியைப் பொருட்படுத்தாது. நம் கண்ணோ இடைவெளியை வைத்துத்தான் எது எதற்குள் அடங்கும் என்று புரிந்துகொள்கிறது. ஒரே கோப்பில் கம்பைலர் ஒரு நிரலைப் படித்தது, மனிதர்கள் இன்னொன்றைப் படித்தார்கள்.

அந்தக் கோப்பின் மேல், நிரலின் தோற்றத்தைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர் என்ற கருவி ஓடியிருந்தால், இரண்டாவது வரியை இடது பக்கம் இழுத்து இஃப்-க்கு நேராக நிறுத்தியிருக்கும். ரெவ்யூவில், அதாவது மாற்றத்தைச் சேர்க்கும் முன் படித்துப் பார்க்கிறவருக்கு, 'இது ஏன் இங்கே நிற்கிறது?' என்ற கேள்வி உடனே வந்திருக்கும். நிரலில் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்டும் லின்டர் ஓடியிருந்தால், 'இதற்குக் கீழே உள்ள வரிகளை எட்டவே முடியாது' என்று சொல்லியிருக்கும். கிளாங் கம்பைலரில் அப்படி ஓர் எச்சரிக்கை அப்போதே இருந்தது. ஆனால் 'எல்லா எச்சரிக்கையும்' என்று பொருள்படும் பெயர் கொண்ட வழக்கமான தொகுப்பில் அது சேரவில்லை, தனியாகக் கேட்டால்தான் தரும். 2016-இல் வந்த ஜிசிசி 6 என்ற இன்னொரு கம்பைலர், இன்டென்ட் கண்ணை ஏமாற்றும் இடங்களைக் காட்டும் புதிய எச்சரிக்கை ஒன்றை வழக்கமான தொகுப்பிலேயே சேர்த்தது. அதன் வெளியீட்டுக் குறிப்பில் உதாரணமாகக் கொடுத்திருப்பது இந்த ஆப்பிள் நிரலைத்தான்.

'ஃபார்மேட்டிங் எல்லாம் அழகுக்காக' என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த இரண்டு வரிகள் நினைவுக்கு வரும். ஒரு குழுவிடம் இருக்கும் மிக அரிய பொருள், நிரலைப் படிக்கும் கண்களின் கவனம். லின்டரையும் ஃபார்மேட்டரையும் நான் அந்தக் கவனத்தைக் காக்கும் ஏற்பாடாகவே பார்க்கிறேன். எந்த விதியைச் சேர்க்கலாம், எதை விடலாம், எங்கே ஓட்டலாம் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் இந்தக் கணக்கை வைத்தே பதில் தேடலாம்.

பெயர் எங்கிருந்து வந்தது

லின்ட் என்றால் துவைத்த துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுத் தூசி. துணி கிழியவில்லை, ஆனாலும் உதறிப் போட வேண்டும். 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி நிரல்களைச் சோதிக்க எழுதிய கருவிக்கு அந்தப் பெயரை வைத்தார். நிரலின் இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் பார்சர்களை உருவாக்கித் தரும் யாக் என்ற கருவியை எழுதியவரும் அவர்தான். அந்தக் காலத்துக் கம்பைலர் நிரலை வேகமாக இயந்திர மொழிக்கு மாற்றினால் போதும் என்று இருந்தது. ஒரு கோப்பில் எழுதிய ஃபங்ஷனை இன்னொரு கோப்பு தவறான வகையில் அழைக்கிறதா என்றெல்லாம் அது பார்க்காது. லின்ட் அவசரமில்லாமல், எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் பார்த்துச் சந்தேகங்களைச் சொல்லும். வேகம் ஒருவர் பொறுப்பு, சந்தேகப்படுவது இன்னொருவர் பொறுப்பு என்ற அந்தப் பிரிவினை இன்றும் அப்படியே இருக்கிறது.

ஃபார்மேட்டர் வேறு ஜாதி. அது சந்தேகப்படுவதில்லை. நிரலின் பொருளைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் ஒரே மாதிரி ஆக்கும்: எத்தனை இடைவெளி, எங்கே வரி முறியும், ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா. அது செய்வதை மனிதர் திரும்பப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. லின்டர் சொல்வதை மனிதர் படித்து முடிவெடுக்க வேண்டும். பல குழுக்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே கோப்பில் ஒரே மூச்சில் போட்டுவிடுகின்றன. அப்புறம் கமா விடுபட்டதும், கடவுச்சொல் பதிவுக் கோப்பில் (லாக்) எழுதப்படுவதும் ஒரே சிவப்பு நிறத்தில் வருகின்றன. எது முக்கியம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் தாண்டிப் போகக் கை பழகிவிடுகிறது.

ஜாவாஸ்கிரிப்ட் உலகம் இந்தப் பாடத்தைப் படிக்கப் பத்தாண்டு எடுத்துக்கொண்டது. 2013-இல் நிக்கோலஸ் ஜகாஸ் தொடங்கிய இஎஸ்லின்ட், இடைவெளிக்கும் அரைப்புள்ளிக்கும் ஏராளமான விதிகளைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. 2023 இறுதியில் அந்த ஃபார்மேட்டிங் விதிகளைக் கைவிடுவதாக அறிவித்தது. விதிகள் ஒன்றோடொன்று மோதுவதும், மொழியில் புது இலக்கணம் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டியிருப்பதும் தாங்க முடியாத சுமையாகிவிட்டன. ஃபார்மேட்டிங்குக்குத் தனிக் கருவி வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர்கள் அறிவுரை.

யார் சொல்வது என்பது முக்கியம்

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கூட்டுத் திட்டத்துக்கு நான் முதன்முதலாக ஒரு மாற்றம் அனுப்பினேன். இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியது. மறுநாள் பார்த்தால் பதினோரு கமென்ட். ஒவ்வொன்றாகத் திறந்தேன். கமாவுக்குப் பின் இடைவெளி இல்லை. இந்த வரி நீளம். இம்போர்ட் வரிசை மாறியிருக்கிறது. கோப்பின் கடைசியில் வெற்று வரி வேண்டும். ஒன்பது கமென்ட் இப்படியே. நான் எழுதிய தர்க்கம் சரியா என்று கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் நடுவில் புதைந்து கிடந்தது. எல்லாவற்றையும் திருத்தி அனுப்பினேன். மறுபடி மூன்று இடைவெளிகள். அந்த மாற்றம் சேர்வதற்கு இரண்டு வாரம் ஆனது. அந்தத் திட்டத்துக்கு நான் அடுத்த மாற்றம் அனுப்பவில்லை.

கமென்ட் போட்டவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவருடைய நேரமும் வீணாகத்தான் போனது. ஆனால் இடைவெளி தவறு என்று ஒரு மனிதர் சொல்லும்போது அது நம்மைக் குறை சொல்வதாக விழுகிறது. அதையே கருவி சொன்னால், அதுவும் சொல்லாமலே திருத்திவிட்டால், மனதில் எதுவும் தைப்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர் எழுதியதில் இடைவெளி தவறு என்று இளையவர் சொல்லத் தயங்குவார், கருவிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. குழுத் தலைவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஒரே விதி.

பைத்தானுக்கு 2001-லேயே பெப் 8 என்ற நடை வழிகாட்டி இருந்தது. கீடோ வான் ராசமும் பேரி வார்சாவும் எழுதியது. நல்ல ஆவணம். ஆனால் ஆவணம் தானாக வேலை செய்யாது, யாராவது அதைப் படித்து, நினைவில் வைத்து, அடுத்தவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். பல வரிகளுக்கு அது இரண்டு மூன்று வடிவங்களை அனுமதிக்கிறது. சண்டைகள் அந்த இடைவெளியில்தான் பிறந்தன.

2009 நவம்பரில் கோ மொழி பொதுவெளிக்கு வந்தபோது கோஃபம்ட் என்ற கருவியும் கூடவே வந்தது. ராபர்ட் கிரீஸ்மர் எழுதியது. டேப் வேண்டாம், நான்கு இடைவெளி வேண்டும் என்று கேட்க இப்போது அதில் வழியே இல்லை. எல்லாரும் டேப்தான். கோஃபம்ட் தரும் நடை யாருக்கும் விருப்பமான நடை இல்லை, ஆனால் கோஃபம்ட் எல்லாருக்கும் விருப்பமானது என்று அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் சொன்னது நிரலாளர்களிடையே பழமொழி போலப் பரவிவிட்டது. அவர்கள் நோக்கம் சண்டையைத் தவிர்ப்பது மட்டும் இல்லை. மொழி மாறிக்கொண்டிருந்த தொடக்க ஆண்டுகளில், பழைய நூலக அழைப்புகளைப் புதியவற்றுக்கு மாற்றித் தரும் கோஃபிக்ஸ் என்ற கருவியை 2011-இல் வெளியிட்டார்கள். எல்லா நிரலும் ஏற்கெனவே ஒரே வடிவில் இருந்ததால், அந்தக் கருவி மாற்றிய இடங்கள் மட்டுமே, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் டிஃப்பில் தெரிந்தன.

அந்த யோசனையை மற்ற மொழிகளும் எடுத்துக்கொண்டன. 2017 ஜனவரியில் ஜேம்ஸ் லாங் ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியரை வெளியிட்டார். 2018-இல் பைத்தானுக்கு வுகாஷ் லங்கா எழுதிய பிளாக் வந்தது.

இவை வேலை செய்யும் விதம் பலர் நினைப்பதிலிருந்து வேறானது. இடைவெளிகளைத் தேடித் தேடித் திருத்துவதில்லை. நிரலைப் படித்து, எது எதற்குள் அடங்கும் என்று காட்டும் அதன் இலக்கண மரத்தைக் கட்டுகின்றன. நாம் போட்ட இடைவெளி, வரி முறிவு எல்லாவற்றையும் பெரும்பாலும் மறந்துவிட்டு, நிரலுக்குள் எழுதிய குறிப்புகளை (கமென்ட்) மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, மரத்திலிருந்து நிரலைப் புதிதாக எழுதுகின்றன. ஒரு துண்டு ஒரே வரியில் அடங்குமானால் அடக்கும், அடங்காவிட்டால் பிரிக்கும். எழுதி முடித்த பிறகு பிளாக் இன்னொரு காரியமும் செய்கிறது. புதிய கோப்பைத் திரும்பப் படித்து, பழைய மரமும் புதிய மரமும் பொருளில் ஒன்றுதானா என்று ஒப்பிடும். வேறுபட்டால் கோப்பைத் தொடாது. இந்தச் சோதனை இருப்பதால்தான் ஃபார்மேட்டர் செய்த மாற்றத்தை மனிதர் வரி வரியாகப் படிக்க வேண்டியதில்லை என்று துணிந்து சொல்ல முடிகிறது.

டிஃப்பில் இதன் பயனைப் பார்க்க ஒரு சின்ன உதாரணம் போதும். சென்னை, மதுரை, கோவை என்று மூன்று ஊர்கள் ஒரே வரியில் ஒரு பட்டியலாக இருக்கின்றன. திருச்சியைச் சேர்த்தால் பழைய வரி முழுவதும் நீக்கியதாகச் சிவப்பிலும், புதிய வரி முழுவதும் சேர்த்ததாகப் பச்சையிலும் தெரியும். எது புதிது என்று கண் தேட வேண்டும். ஊருக்கு ஒரு வரி, கடைசி ஊருக்கும் பின்னால் ஒரு கமா என்று வைத்தால், திருச்சி என்ற ஒரு பச்சை வரி மட்டும் வரும். பட்டியல் கடைசியில் நாம் கமா போட்டுவிட்டால் பிளாக் அதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு, ஒரே வரியில் அடங்கினாலும் பிரித்தே வைக்கும். ஒரு வருடத்தில் ஆயிரம் டிஃப் படிக்கிறவருக்கு அந்தக் கமா மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சமில்லை.

பழைய வீட்டுக்கு வெள்ளையடிப்பது

புதுத் திட்டத்தில் முதல் நாளே ஃபார்மேட்டர் வைப்பது சுலபம். பத்து வருடப் பழைய நிரலில் வைப்பதுதான் சங்கடம். பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ திட்டம் இதைச் செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிளாக்கை ஏற்றுக்கொள்வது என்று 2019-லேயே முறையான முன்மொழிவு வழியாக முடிவெடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவசரப்படவில்லை. பிளாக் அப்போது பீட்டா நிலையில் இருந்தது, நடை இன்னும் மாறக்கூடும். 2022 ஜனவரியில் பிளாக்கின் முதல் நிலையான பதிப்பு வந்தது. பிப்ரவரியில் ஜாங்கோவின் பைத்தான் நிரல் முழுவதும் மறுவடிவம் பெற்றது. அந்தப் பெரிய மாற்றத்தில் கருவி செய்தது மட்டுமே இருந்தது, கை வேலைகள் தனிக் கமிட்களாக, அதாவது வரலாற்றில் தனித்தனியாகப் பதியும் மாற்றங்களாகப் போயின.

அப்படிச் செய்யும்போது எழும் பெரிய எதிர்ப்பு, நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் பிளேம் கட்டளை பற்றியது. ஒரு வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று தேடினால், எல்லா வரிக்கும் அந்த வெள்ளையடித்த கமிட்தான் பதிலாக வரும். நியாயமான கவலை. பழைய நிரலில் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்த வரலாற்றில்தான் இருக்கும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 இதற்கு வழி செய்தது. ஒதுக்க வேண்டிய கமிட்களின் எண்களை ஒரு கோப்பில் எழுதி வைத்தால் பிளேம் அவற்றைத் தாண்டி அதற்கு முந்தையவரைக் காட்டும். கிட்ஹப்பும் 2022-இலிருந்து அந்தக் கோப்பைத் தானாகப் படித்துக்கொள்கிறது. ஜாங்கோவிலும் அந்தக் கோப்பு இருக்கிறது.

இந்த வேலைக்கு நாள் பார்ப்பதும் முக்கியம். பாதியில் நிற்கும் பிராஞ்ச்கள் (இன்னும் முதன்மை நிரலில் சேராத கிளைகள்) நிறைய இருக்கும் வாரத்தில் செய்தால் ஒவ்வொன்றும் சேரும்போது (மெர்ஜ்) முட்டும். ஒரு வெளியீடு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவேளைதான் நல்ல நேரம். நிற்கும் பிராஞ்சிலும் அதே கருவியை அதே அமைப்போடு ஓட்டிவிட்டுப் பிறகு சேர்த்தால் முட்டல் பெருமளவு குறையும். ஃபார்மேட்டிங் மாற்றத்தையும் தர்க்க மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யக்கூடாது. நாலாயிரம் வரி இடைவெளி மாற்றத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு உண்மையான மாற்றத்தை எந்த ரெவ்யூவும் பிடிக்காது.

வரி நீளம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதிகம் சண்டை அதில்தான். 80 என்ற எண் 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் 80 பத்திகளிலிருந்து டெர்மினல்களுக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்தது. பெப் 8 சொல்வது 79, பிளாக் வைத்தது 88. லினக்ஸ் கெர்னலின் செக்பேட்ச் கருவி 2020-இல் 80-ஐ 100 ஆக்கியது. கோஃபம்ட் வரியை முறிப்பதே இல்லை. எந்த எண் என்றாலும் பரவாயில்லை. ஆனால் தமிழ்ச் சொற்களைத் திரையில் காட்டும் நிரல் எழுதுகிறவர்களுக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு. 'மொழிபெயர்ப்பு' என்பது நமக்கு 7 எழுத்து. யூனிகோடில் 13 குறியீடு, யூடிஎஃப்-8 கோப்பில் 39 பைட். பைத்தானின் பைகோட்ஸ்டைல் போன்ற கருவி 13 என்றே எண்ணும். கண்ணுக்கு 50 எழுத்தாகத் தெரியும் வரி, விதிப்படி 'நீளம் அதிகம்' என்று வந்து நிற்கும். மொழிபெயர்ப்புச் சரங்கள் இருக்கும் கோப்புகளுக்கு அந்த ஒரு விதியை மட்டும் அணைத்து வைப்பதே சரி. வாக்கியத்தை நடுவில் வெட்டி ஒட்டினால் மொழிபெயர்ப்பாளர்தான் கஷ்டப்படுவார்.

எச்சரிக்கைக்கும் மதிப்பு இருக்க வேண்டும்

இனி லின்டர். இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பானவன். கருவி தரும் எல்லா விதியையும் போட்டுவிட்டு 'எங்கள் தரம் உயர்வு' என்று சொல்லும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே மாதத்தில் யாரும் அந்த வெளியீட்டைப் படிப்பதில்லை. தினமும் 400 எச்சரிக்கை வரும் இடத்தில் 401-ஆவது, அது எவ்வளவு பெரிய ஆபத்தாக இருந்தாலும், வெறும் இரைச்சல்.

நிரலை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் வேலையைச் செய்யும் பேஸ்புக் பொறியாளர்கள் 2019-இல் எழுதிய கட்டுரையில் ஓர் அனுபவம் வருகிறது. இன்ஃபர் என்ற கருவி கண்டுபிடித்த பிழைகளைத் தனியாக ஒரு பட்டியலாகத் தொகுத்து நிரலாளர்களிடம் கொடுத்தார்கள். திருத்தப்பட்டவை கிட்டத்தட்ட பூஜ்யம். அதே கருவியை, நிரலாளர் மாற்றம் அனுப்பும் நேரத்தில் ரெவ்யூவுக்குள்ளேயே பேச வைத்தார்கள். 70 சதவீதத்துக்கு மேல் திருத்தப்பட்டன. சொன்ன நேரமும் இடமும்தான் மாறியிருந்தன. எழுதிய நிரல் மனதில் சூடாக இருக்கும்போது சொன்னால் திருத்துவார்கள். ஆறு மாதம் கழித்து, வேறு வேலையின் நடுவில், மொத்தமாகக் கொடுத்தால் யார் எடுத்துப் பார்ப்பார்?

கூகுள் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. டிரைகோர்டர் என்ற அவர்கள் அமைப்பில் ஒவ்வொரு எச்சரிக்கையின் கீழும் 'பயனில்லை' என்று சொல்ல ஒரு பொத்தான் உண்டு. ஒரு சோதனை பத்து சதவீதத்துக்கு மேல் அப்படிப் பெயர் வாங்கினால், அதை எழுதியவர் திருத்தும்வரை நிறுத்தி வைக்கலாம். எச்சரிக்கை தர்க்கப்படி சரியா என்று அவர்கள் கேட்கவில்லை. பார்த்தவர் ஏதாவது செய்தாரா என்று கேட்டார்கள். இவ்வளவு பெரிய அமைப்பு நம் ஐந்து பேர் குழுவுக்குத் தேவையில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து, எந்த விதியைத்தான் எல்லாரும் அணைத்து அணைத்துப் போகிறார்கள் என்று ஒரு தேடல் போட்டுப் பார்க்கலாம். அந்த விதி போக வேண்டியது.

எச்சரிக்கையை அணைப்பது பற்றிப் பேசும்போது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2006-இல் டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் தொகுப்பைப் பராமரித்தவர், நினைவகத்தை ஓட்டத்தில் சோதிக்கும் கருவி ஒன்று தந்த எச்சரிக்கையைப் பார்த்தார். மதிப்பு போடாத நினைவகத்தை நிரல் பயன்படுத்துகிறது என்றது கருவி. அது உண்மை. ஓபன்எஸ்எஸ்எல் வேண்டுமென்றே அப்படிச் செய்தது. அவர் மேம்பாட்டாளர்களின் மடலாடற் குழுவில் கேட்டும் பார்த்தார். பிறகு எச்சரிக்கைக்குக் காரணமான வரியையும், அதே தோற்றத்தில் வேறு இடத்தில் இருந்த வரியையும் கமென்ட் ஆக்கி ஓடாமல் செய்தார். எச்சரிக்கை நின்றது. ஆனால் அவற்றில் ஒன்றுதான் சமவாய்ப்பு எண்களுக்கு உண்மையான விதையை ஊட்டிக்கொண்டிருந்த வரி. அதன்பின் விதையில் மாறிக்கொண்டிருந்தது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் புரோசஸ் எண் மட்டும். ஒரு வகைக் கணினிக்கு, ஒரு வகைக் குறியாக்கச் சாவிக்கு, மொத்தம் 32,768 சாவிகள்தான் சாத்தியம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும்வரை, டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் உருவான சாவிகள் இப்படியே இருந்தன.

கருவி பொய் சொல்லவில்லை. பராமரித்தவரும் பொறுப்பில்லாதவர் இல்லை, கேட்டுவிட்டுத்தான் செய்தார். எச்சரிக்கையை வாயடைப்பதே வேலையின் முடிவாகிவிட்டது என்பதுதான் பிரச்சினை. அதனால்தான் லின்டர் விதியை ஒரு வரியில் அணைக்கும்போது, ஏன் அணைக்கிறோம் என்று அதே இடத்தில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். 'இங்கே பிழையை வேண்டுமென்றே விழுங்குகிறோம், கோப்பு இல்லாவிட்டால் இயல்பு மதிப்பு போதும்' என்று எழுதினால் அடுத்தவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம். வெறும் அணைப்புக் குறி மட்டும் இருந்தால் அதனோடு யாரும் வாதாட முடியாது. இனித் தேவைப்படாத அணைப்புக் குறிகளைத் தேடிச் சொல்லும் வசதி இஎஸ்லின்டிலும், பைத்தானுக்கான லின்டரான ரஃப்பிலும் இருக்கிறது. அதை ஓட்டி வையுங்கள்.

பழைய நிரலில் புது விதி கொண்டுவரும்போது எல்லாப் பழைய மீறல்களையும் ஒரே நாளில் திருத்தச் சொல்லாதீர்கள். அவசரத்தில் டெபியன் கதைதான் நடக்கும். மாறிய வரிகளில் மட்டும் விதியைச் சோதிக்கலாம். அல்லது பழைய மீறல்களைக் கணக்கெடுத்து எழுதி வைத்து, அந்த எண்ணிக்கை கூடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு விதி.

எங்கே ஓட்டுவது

எடிட்டரில் சேமிக்கும்போதே ஃபார்மேட்டர் ஓடுவது மிகச் சுகம். ஆனால் எல்லாரும் ஒரே எடிட்டர் வைத்திருப்பதில்லை. அதனால் பலர் கமிட் போடும் நேரத்தில் தானாக ஓடும் ஹுக் என்ற சிறு நிரலை வைக்கிறார்கள். கிட் ஹுக்குகள், திட்டத்தை நம் கணினிக்குப் பிரதியெடுக்கும்போது (குளோன்) கூடவே வராது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வந்தால் யாரோ எழுதிய நிரல் நம் கணினியில் கேட்காமலே ஓடும், எனவே அது நல்லதற்குத்தான். ஒவ்வொருவரும் ஒருமுறை நிறுவ வேண்டும், நிறுவாதவர் இருப்பார், அவசரத்தில் தாண்டுகிறவரும் இருப்பார். ஆகவே கடைசிக் காவல், ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வர்தான். மற்ற இரண்டும் வசதிக்காக.

மூன்று இடத்திலும் ஒரே பதிப்பு ஓட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிளாக் தன் நடையை வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில் மாற்றும். ஒருவர் போன வருடப் பதிப்பையும் இன்னொருவர் இந்த வருடப் பதிப்பையும் வைத்திருந்தால், ஒரே கோப்பு அவர் கையில் ஒரு மாதிரியும் இவர் கையில் இன்னொரு மாதிரியும் மாறிக்கொண்டே இருக்கும். நாங்கள் ஒருமுறை மூன்று நாள் இப்படித் தவித்தோம், ஒவ்வொருவரும் மற்றவர் அமைப்பைச் சரியாகப் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு. பதிப்பு எண்ணைத் திட்டத்தின் கோப்பிலேயே எழுதிப் பூட்டிய நாளோடு அது நின்றது. வரி முடிவுக் குறி விண்டோஸில் ஒரு மாதிரி, லினக்ஸில் ஒரு மாதிரி இருப்பதும் இதே வகைத் தொல்லை. அதற்கு கிட்டின் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி போதும்.

சிஐ சிவப்பாகும்போது என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். 'ஃபார்மேட் தவறு' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும் சிஐ, எனக்குக் கிடைத்த அந்த ஒன்பது கமென்ட்களைத்தான் வேறு குரலில் சொல்கிறது. எந்தக் கட்டளையை ஓட்டினால் தானாகச் சரியாகும் என்பதை அந்தச் செய்தியிலேயே எழுத வேண்டும். இன்னும் நல்லது, தானே திருத்தி அந்த பிராஞ்சிலேயே கமிட் போட்டுவிடுவது.

கருவியால் முடியாதவையும் நிறைய உண்டு. ஒரு மாறிக்கு 'டேட்டா 2' என்று பெயர் வைத்தால் எந்த லின்டரும் கேட்காது. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டேட்டாபேஸைக் கேட்கும் சுற்றை (லூப்)ப் பெரும்பாலான கருவிகள் கண்டுகொள்ளாது. அழகாக இன்டென்ட் செய்த தவறான வருமான வரிக் கணக்கு அழகாகவே தவறும். போன மாதம் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எங்கள் திட்டத்துக்கு முதல் மாற்றம் அனுப்பினாள். ஹுக் நிறுவாமல் அனுப்பியிருக்கிறாள், சிஐ தானே இடைவெளிகளைச் சரிசெய்து கமிட் போட்டுவிட்டது. ரெவ்யூவில் அவளுக்கு வந்த முதல் கமென்ட், 'இந்தப் பட்டியல் காலியாக வந்தால் சராசரி எப்படி வரும்?' என்பது. ஒரு மணி நேரத்தில் திருத்தி, அதற்கு ஒரு டெஸ்டும் எழுதி அனுப்பினாள்.